விளிம்பு முட்ட ஒரு பிளேன்ரீ

கை நின்றுவிட்டது.

இராசநாயகம் தன் வலது கையை யாரோ ஊரான் வீட்டுக் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கதிரையின் கைப்பிடியில் அது சும்மா கிடந்தது. ஆடவில்லை. துடிக்கவில்லை. பக்கத்தில் நின்ற மனைவி மீனலோசனிக்கு மூச்சு விடவே பயம். விட்டால் அந்தக் காற்றுப் பட்டு மறுபடி ஆடத் தொடங்கிவிடுமோ என்று.

"ஐயா, உந்தத் தேத்தண்ணியை எடுத்துக் குடியுங்கோ பாப்பம்," என்றாள் டொக்டர் நிலக்சனா.

எடுத்தார். குடித்தார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"பிள்ளை, இதென்ன மந்திரமோ?"

"மந்திரமில்லை ஐயா, கரண்ட்."

குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் இடையில் ஒருகாலம் பயணிகள் படகு ஓட்டிய மனிதர் அவர். முதலில் விரல்தான் நடுங்கியது. பிறகு கை. பிறகு தலையும் சேர்ந்து 'இல்லை, இல்லை' என்று ஓயாமல் ஆடத் தொடங்கியது. ஒருநாள் கரை அணைக்கும்போது சுக்கான் பிடி தவறி, படகு இறங்குதுறைக் கல்லில் போய் இடித்தது. அன்றோடு சுக்கான் வேறு ஆளுக்குப் போனது. அதற்குப் பிறகு அவர் நாலு பேருக்கு முன்னால் சாப்பிட்டதில்லை. குசினிக் கதவைச் சாத்திவிட்டு மீனலோசனிதான் ஊட்டிவிட வேண்டும். வெளியில் எங்காவது தாகமெடுத்தால் அரைக் கிளாஸும் உறிஞ்ச ஒரு ஸ்ட்ரோவும்.

மருந்துகள் கேட்கவில்லை. மண்டையைத் துளைத்து உள்ளே கம்பி வைக்கலாம் என்று ஒரு பெரிய டொக்டர் சொன்னபோது, இராசநாயகம் பேச்சு முடிவதற்குள் எழும்பி வந்துவிட்டார்.

அப்போதுதான் யாழ்ப்பாணத்தில் இந்த ஆராய்ச்சி நடப்பது தெரியவந்தது. துளையில்லை, கத்தியில்லை என்றார்கள். முதல் நாளே நிலக்சனா அவருக்கு அவர் பாசையில் விளங்கப்படுத்தினாள்.

"ரெண்டு படகு எதிரெதிரா ஓடேக்க, ரெண்டின்ர அலையும் சந்திக்கிற இடத்தில தண்ணி தனியா எழும்பி விழுமெல்லே? அதுதான் இது. தலையில ரெண்டு சோடி மின்வாய் ஒட்டுவம். ரெண்டு சோடியிலயும் போற கரண்ட் சரியான வேகமா அதிரும். வழியில இருக்கிற மூளை அதைக் கணக்கெடுக்காது. ஆனா ரெண்டுக்கும் வேகத்தில ஒரு சின்ன வித்தியாசம் வைச்சிருக்கிறம். ஆழத்தில ரெண்டும் சந்திக்கிற இடத்தில மட்டும் மெதுவா ஒரு எழும்பலும் விழுதலும் வரும். உங்கட நடுக்கம் தொடங்குற இடம் அதுதான்."

"அப்ப அலையை வைச்சு அலையை அமத்திறியள்?"

"அமத்திப் பாக்கிறம். வைத்தியமெண்டு நினைச்சுப்போடாதேங்கோ. இன்னும் ஆராய்ச்சிதான்."

கை நின்றது, பரீட்சைக்காகக் கொடுத்த ஒரு சின்ன அமர்வில். அந்தப் பலன் பஸ் மண்டைதீவுச் சந்தியைத் தாண்டும்வரை நின்றது. பிறகு கை பழையபடி ஆடியது. ஆனால் அடுத்த திங்கள் தொடக்கம் ஐந்து நாள், நாளுக்கொரு நீண்ட அமர்வு. பலன் நிலைக்குமா என்று அதில்தான் தெரியும். அது முடிய இயந்திரத்தைப் பெட்டி கட்டி, கொண்டுவந்த நாட்டுக்கே அனுப்பிவிடுவார்கள்.

அன்று புறப்படும்போது, அவர் தலையில் அப்பிய பசையைத் துடைத்துக்கொண்டே நிலக்சனா பகிடி விட்டாள். "ஐயாவின்ர முடி காடு மாதிரி. மின்வாய் ஒட்டுதேயில்லை. மொட்டையெண்டா எங்களுக்கு எவ்வளவு சுகம்!"

எல்லோரும் சிரித்தார்கள். மீனலோசனி மட்டும் சிரிக்கவில்லை. அவள் மனம் அதற்குள் அம்மன் வாசலுக்குப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவரைக் கோயிலடிக்குக் கூட்டிப் போனாள்.

"உமக்கு விசரே? இந்த வயசில மொட்டையோ!"

"நான் நேந்தனான். அம்மனுக்கும் ஆச்சு, அந்த டொக்டர் பிள்ளைக்கும் ஆச்சு. வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ."

இருந்தார். தலை இருக்கவில்லை. 'இல்லை, இல்லை' என்று அது தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

"அக்கா, இறுக்கிப் பிடியுங்கோ. கத்தி கதை கேளாது," என்றார் மொட்டையடிக்கிறவர்.

மீனலோசனி இரண்டு உள்ளங்கையாலும் கன்னங்களை அழுத்திப் பிடித்தாள். பிடித்த பிடியையும் மீறித் தலை ஒரு வெட்டு வெட்டியது. உச்சிக்கு இடப்பக்கம் சிவப்பாய் ஒரு கோடு. பிறகு காதுக்கு மேலே இன்னொன்று.

"சின்னக் கீறல்தான். கெதியா ஆறிடும்."

அவள் சந்தனத்தைக் குழைத்துத் தலை முழுக்கப் பூசினாள். கீறல்கள் மறைந்தன. அவளும் மறந்தாள்.

திங்கள் விடிய நயினாதீவில் படகேறிக் குறிகட்டுவானில் இறங்கியபோது, இறங்குதுறையடித் தேத்தண்ணிக் கடைத் தம்பையா கூப்பிட்டான். "என்ன நாயகண்ணை, மொட்டையோட கதிர்காமத்துக்கோ?"

"பகிடியை விடு. பின்னேரம் வரேக்க எனக்கு ஒரு பிளேன்ரீ போட்டு வை. விளிம்பு முட்ட ஊத்தோணும். ஸ்ட்ரோ கொண்டுவந்தால் உன்ர மண்டையில அடிப்பன்!"

கடையே சிரித்தது. மீனலோசனி அவரை பஸ்ஸுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "ஏன் இப்பவே ஊருக்குச் சொல்லுறியள்?" என்று பஸ்ஸில் ஏறியதும் கடிந்தாள். அவர் யன்னலால் பார்த்தபடி சிரித்தார்.

ஆய்வு அறையில் நிலக்சனா மொட்டையைக் கண்டு முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு ஈரப் பஞ்சால் சந்தனத்தைத் துடைக்கத் தொடங்கினாள். துடைத்த கை, பாதியில் நின்றது.

"அம்மா, இதென்ன?"

"சின்னக் கீறல் பிள்ளை. நேத்து..."

"தலையில காயம் இருக்கக்கூடாதெண்டு சொன்னனானெல்லே?"

"அப்ப இருக்கேல்லையே!"

நிலக்சனா கதிரையில் இருந்துவிட்டாள். காயமில்லாத தோலில் பரவிப் போகவேண்டிய கரண்ட், கீறலைக் கண்டால் அதற்குள்ளே ஒன்றாய்க் குவியும், தோலைச் சுட்டுவிடும்.

"அப்ப காயமில்லாத இடத்தில வையுங்கோவன். தலை எவ்வளவு பெரிசு!"

"ஏலாதம்மா. கீறல் இருக்கிறதுதான் ஸ்கான் எடுத்து அளந்த இடம். தள்ளி அரக்கி வைச்சால் ரெண்டு கரண்டும் வேற எங்கயோ போய்ச் சந்திக்கும். அங்க என்ன நடக்குமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்ப ஆறட்டும். வாற கிழமை..."

"வாற கிழமை இயந்திரம் இஞ்சை இல்லை."

நிலக்சனா வெளியே போய்த் தன் தலைமை ஆராய்ச்சியாளரோடு தொலைபேசியில் ஆங்கிலத்தில் மன்றாடினாள். கண்ணாடிக் கதவுக்கு இப்பால் மீனலோசனிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. டொக்டரின் தோள் தொய்ந்தது மட்டும் விளங்கியது.

திரும்பி வந்து, "நான் அண்டைக்குப் பகிடிக்குச் சொன்னனான் அம்மா," என்றாள். "உண்மையா, பகிடிக்கு."

மீனலோசனி தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். எவ்வளவு இறுக்கிப் பிடித்தாள்! இன்னும் கொஞ்சம் இறுக்கியிருக்கலாமோ?

"என்ர தலை ஆடாட்டில் வெட்டியிராது," என்றார் இராசநாயகம். "ஆடாமலிருக்கத்தானே இஞ்சை வந்தனான்." சிரிக்கத்தான் பார்த்தார். அவர் எழும்பிய கதிரையில், காத்திருந்த வேறொரு நோயாளியை இருத்தினார்கள்.

திரும்பிப் போகும் பஸ்ஸில் ஏறினார்கள். அல்லைப்பிட்டி போனது, வேலணை போனது. புங்குடுதீவுப் பாலத்தில் ஏறும்போதுதான் அவளுக்குத் தம்பையாவின் ஞாபகம் வந்தது. நேரே படகுக்குக் கூட்டிப் போய்விடலாம். கடைப்பக்கம் திரும்பவே விடக்கூடாது.

பஸ் நின்றபோது தம்பையா கடை வாசலில் நின்றான்.

"வாங்கோண்ணை! பஸ்ஸைக் கண்டவுடன ஊத்தினது!"

மேசையில் தேத்தண்ணிக் கிளாஸில் ஆவி பறந்தது. விளிம்பு முட்ட. படகுக்கு நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சுக்கானை வாங்கிக்கொண்ட அந்த ஆளும்.

மீனலோசனி முந்தினாள். சேலைத் தலைப்பால் தட்டி விழுத்திவிட்டால் முடிந்தது. கை தவறிப் போச்சு என்று சொல்லிவிடலாம். அவள் கை நீள்வதற்குள் அவர் அந்தக் கையைப் பிடித்துவிட்டார். இப்போது இரண்டு கைகளும் சேர்ந்து நடுங்கின.

"விடும். கேட்டது நான்தானே."

இரண்டு கையாலும் கிளாஸைத் தூக்கினார். மேசையில் கொஞ்சம், வேட்டியில் கொஞ்சம், நெஞ்சில் கொஞ்சம். சூடு பட்டும் வைக்கவில்லை. கிளாஸ் பல்லில் இடிபடும் சத்தம் மட்டும் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது ஏசியிருப்பாள்.

கடைசியில் அடியில் ஒரு வாய் மிஞ்சியது. அதைக் குடித்துவிட்டு, தலை 'இல்லை, இல்லை' என்று ஆட ஆடச் சொன்னார்:

"சீனி காணாது, தம்பையா."

சீனி எடுக்கக் கடைக்குள் போன தம்பையா, படகு வெளிக்கிடும்வரை வெளியில் வரவில்லை.