ஒங்க பூர்வீகம் எது?

அரசாங்கத் தமிழ் என்று ஒன்று இருக்கிறது. எந்தத் தாயும் அதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. கந்தோர் எனப்படும் அலுவலகத்தின் சுவரிலும் படிவத்திலும்தான் அது உயிர் வாழ்கிறது. இலங்கையின் பெல்மதுளையில் அரசாங்க மொழிபெயர்ப்பாளராக இருந்த சுதர்சினிக்கு அந்தத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் வாழும் ஆட்களிடம் அதைப் பேச அவளுக்கு வாய் வராது. அவர்கள் முழிப்பதைப் பார்க்கச் சகிக்காது. அந்த நல்ல மனசுதான் அவளுக்கு வினையாக முடிந்தது.

கலவானைக்கு மேலே, காட்டோரத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள் அவள். அந்தத் தோட்டத்தின் மேல் டிவிஷனைக் கம்பெனி கைகழுவி வெகுகாலம். தேயிலை மரமாக வளர்ந்து காடாகிவிட்டது. லயமும் லயத்து ஆட்களும் மட்டும் அப்படியே இருந்தார்கள். அந்த மலைச்சரிவை அரசாங்கம் திரும்ப எடுத்துப் பகிர்ந்து கொடுக்கப் போகிறது என்றதும் இரண்டு பக்கமும் உரிமை கேட்டு எழுந்து நின்றது. ஒரு பக்கம் லயத்தார். இன்னொரு பக்கம் கீழ்க் கிராமத்துச் சிங்களவர்கள். லயத்தில் அந்தக் கிராமத்தை 'நாடு' என்றுதான் சொல்வார்கள். வெள்ளைக்காரன் வந்து பிடுங்குவதற்கு முன்னால் அது நாங்கள் காடெரித்துப் பயிரிட்ட சேனை நிலம் என்றார்கள் நாட்டார். அதில் பொய் கிடையாது. காட்டை வெட்டித் தேயிலை போட்டு, தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து அங்கேயே செத்தவர்கள் நாங்கள் என்றார்கள் லயத்தார். அதிலும் பொய் கிடையாது.

இரண்டு உண்மை முட்டிக்கொண்டால் அரசாங்கம் என்ன செய்யும்? குழு போடும். போட்டது. நல்லிணக்கக் குழு என்று பெயர். அந்த மண்ணின் ஆதிக்குடிகள் யாரென்று கண்டறிந்து, நிலத்தை உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து, பழைய அநியாயத்துக்குப் பரிகாரம் தேடுவது அதன் வேலை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

சுதர்சினியின் அப்பா முத்துவீரன் அந்த லயத்தில்தான் தனியாக இருந்தார். மகள் பெல்மதுளைக்கு எத்தனை முறை கூப்பிட்டும் வரவில்லை. "தோட்டத்து ரூம்புலயே பொறந்தேன். நம்ம பேருல ஒரு வீடு கட்டி, அதுல கண்ண மூடணும்" என்பார். வேறு ஆசை அவருக்கு இல்லை. குழுவுக்கு மொழிபெயர்க்க மகளையே அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், நிலம் கைக்கு வந்துவிட்டது போலவே லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

விசாரணை தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. தலைவர் நல்ல மனிதர், குரலை உயர்த்தாதவர். எல்லோரிடமும் முதலில் ஒரே கேள்வியைத்தான் சிங்களத்தில் கேட்டார். "முல் பதிஞ்சிய கொஹெத?" ஆதியிலிருந்து குடியிருக்கும் இடம் எது என்று அர்த்தம். அரசாங்கத் தமிழில் அதற்கு 'ஆரம்ப வதிவிடம்' என்று சொல் இருந்தது. சுதர்சினிக்கு அது நாக்கு நுனிவரை வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த இருளாயிப் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு, "பெரியம்மா, ஒங்க பூர்வீகம் எதுன்னு கேக்குறாரு" என்றாள்.

பெரியம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. கல்யாண வீடோ கருமாதி வீடோ, முன்பின் தெரியாத இரண்டு லயத்து ஆட்கள் சந்தித்தால் முதலில் கேட்கும் கேள்வி அல்லவா அது! "புதுக்கோட்டப் பக்கமுங்க. கொளத்தூரு" என்றாள்.

சுதர்சினி அதைச் சிங்களத்தில் சொன்னாள். எழுதுகிறவர் எழுதிக்கொண்டார். அடுத்தவர் நாமக்கல் என்றார். அதற்கடுத்தவர் ராமநாதபுரம் என்றார். யாரும் அந்த ஊர்களைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காத ஊரைத்தான் அவ்வளவு அழுத்தமாகச் சொன்னார்கள். மூன்றாவது பதிலை மொழிபெயர்க்கும்போது சுதர்சினி தற்செயலாக நாட்டார் வரிசையைப் பார்த்தாள். அவர்களுக்காகப் பேச வந்திருந்த பியதிலக, நம்ப முடியாதவர் போலப் பக்கத்து ஆளின் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆதியில் குடியிருந்த இடம் இந்தியா என்றல்லவா பதிவாகிக்கொண்டிருந்தது!

அடுத்து வந்து உட்கார்ந்தவர் முத்துவீரன்.

சொல்லை மாற்றியிருக்கலாம். 'அப்பா, நீங்க ஆதியில இருந்து எங்க குடியிருக்கீங்க' என்று கேட்டிருந்தால் முடிந்தது. ஆனால் மூன்று பேரிடம் ஒரு விதமாகக் கேட்டுவிட்டு, சொந்த அப்பாவிடம் மட்டும் வேறு விதமாகக் கேட்டால் என்ன நினைப்பார்கள்? பியதிலகவுக்கும் ஓரளவு தமிழ் தெரியும். வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள். இத்தனையும் ஒரு மூச்சு விடுவதற்குள் அவள் மனதில் ஓடியது. அந்தப் பயத்தை அவள் பின்னால் எத்தனையோ முறை சபித்திருக்கிறாள்.

"ஒங்க பூர்வீகம் எதுன்னு கேக்குறாருப்பா."

"திருச்சி ஜில்லா, தொறையூரு பக்கத்துல ஆலம்பட்டி!" மகளே கேட்டுவிட்டாள் என்ற பெருமையில் மண்டபம் அதிரச் சொன்னார் முத்துவீரன். எழுந்து வந்ததும் பக்கத்தில் இருந்தவரிடம், "நம்ம ஊரு பேர கவருமெண்டு எழுதிக்கிச்சு, பாத்தியா?" என்று சிரித்தார்.

தேநீர் இடைவேளையில் அவள் தலைவரிடம் ஓடினாள். நான் போட்ட சொல்தான் பிழை, அவர்கள் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்று படபடவென்று விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "நோனா, நீங்கள் ஒன்றும் பிழையாகச் சொல்லவில்லையே. அவர்கள் வாயாலேயே இந்திய ஊர்களைச் சொன்னார்கள். வேண்டுமானால் மறுவிசாரணைக்கு மனுப் போடட்டும்" என்றார்.

மனுப் போட்டார்கள். இரத்தினபுரிக்கு வரச் சொன்னார்கள். இந்த முறை மொழிபெயர்ப்புக்கு அவளைச் சேர்க்கவில்லை. அவள் அப்பாவைத் தயார் பண்ணினாள். 'எங்க பூர்வீகம் இந்தத் தோட்டந்தான்' என்று சொல்லச் சொன்னதும் அவருக்குச் சுருக்கென்றது.

"எங்கப்பாரு சாகக் கெடக்கும்போதுகூட ஆலம்பட்டி, ஆலம்பட்டின்னுதான்மா சொன்னாரு. அத இல்லேன்னு சொல்லவா?"

"ஒரு வாட்டி சொல்லுங்கப்பா. வீட்டுக்காக."

அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். பிறகு, "சரிம்மா, நீ படிச்சவ" என்றார். அந்த வார்த்தை அவளைச் சுட்டது.

இரத்தினபுரியில் புது மொழிபெயர்ப்பாளர், "தங்களது ஆரம்ப வதிவிடம் யாது?" என்று கணீரென்று கேட்டார். முத்துவீரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கற்றுக்கொண்டு வந்ததைத் திணறித் திணறி ஒப்பித்தார்.

"எங்க பூர்வீகம்... இந்தத் தோட்டந்தாங்க."

தலைவர் பழைய பதிலை வாசிக்கச் செய்தார். "அன்றைக்கு ஆலம்பட்டி என்றீர்கள். இன்றைக்குத் தோட்டம் என்கிறீர்கள். எது உண்மை?" அவர் கோபமாகக் கேட்கவில்லை. அறியத்தான் கேட்டார்.

முத்துவீரன் திரும்பி, பின்பெஞ்சில் இருந்த மகளைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்துகொண்டாள்.

"ரெண்டும் நெசந்தானுங்க."

மொழிபெயர்த்துச் சொன்னதும் அறையில் சிரிப்பு எழுந்தது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. எழுதச் சொன்னார்.

சரிவு நாட்டாருக்கு என்று முடிவானது. லயத்தாருக்கு வேறெங்காவது இடம் பார்ப்பது பற்றிப் பின்னர் ஆலோசிக்கப்படும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். பியதிலக லயத்துக்கு வந்து வாசலில் நின்று, "முத்துவீரன் அண்ணே, ஒங்கள யாரும் போவச் சொல்ல மாட்டாங்க. நான் இருக்கேன்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். பிறந்த இடத்தில் இருந்துகொள்ள அடுத்தவர் அனுமதி கொடுத்ததை முத்துவீரன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

பியதிலக போன பிறகு சுதர்சினியால் அடக்க முடியவில்லை. அடுப்படியில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

"எல்லாம் நான் போட்ட சொல்லாலதான்ப்பா. நான் வேற மாதிரி கேட்டிருக்கணும்."

முத்துவீரன் மகளின் தலையில் கை வைத்தார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டார். பிறகு, நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டார்.

"நீ கேட்டதுல ஒரு தப்பும் இல்லம்மா. நான் சொன்னதுலயும் பொய்யில்ல. அப்புறம் ஏம்மா நமக்கு எடமில்ல?"