அக்கா பார்த்த படங்கள்

அக்கா ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையானபோது தம்பி பழமோ பூவோ கொண்டுபோகவில்லை. ஒரு டேப்லெட்டைக் கொண்டுபோனான். அதில் தொலைநோக்கி எடுத்த படங்கள் ஒவ்வொன்றாக வரும். கூர்மையான புள்ளி என்றால் நட்சத்திரம். ஓரம் லேசாகக் கசிந்திருந்தால், எண்ணிலடங்கா நட்சத்திரங்கள் சேர்ந்த கேலக்ஸி. மங்கலானவற்றில்தான் வம்பே, இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒவ்வொன்றையும் பார்த்து, எது என்று திரையில் அமுக்க வேண்டும். மனிதக் கண் பிரித்துக் கொடுத்ததைப் பார்த்துத்தான் அவன் எழுதிய புரோகிராம் தானாகப் பிரிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

“விட்டத்தைப் பார்த்துட்டுக் கிடக்கறதுக்கு வானத்தைப் பார்க்கிறேன், கொடுடா,” என்றாள் அக்கா. நாலே நாளில் அவளுக்குக் கை பழகிவிட்டது. “உன் புரோகிராமும் உன்னை மாதிரியே மக்குடா. நூறு தடவை சொன்னாத்தான் மண்டையில ஏறுது.”

சிரித்தால் இருமல் வரும். அப்படியும் சிரிப்பாள்.

“நான் பார்த்ததையெல்லாம் எடுத்துக்குவியா?”

“ஒண்ணு விடாம எடுத்துக்குவேன்க்கா.”

மழைக்காலம் முடிவதற்குள் அக்கா போய்விட்டாள்.

பிறகு, தம்பியின் ஆராய்ச்சிக் குழுவில் இன்னும் துல்லியமான வேறொரு தொலைநோக்கியின் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அக்கா சொன்னதில் பெரும்பாலும் சரி. கடைசித் தொகுப்பு மட்டும் ஒரே குளறுபடி. “மருந்து மயக்கத்துல பார்த்திருப்பாங்க. எடுத்துடுப்பா,” என்றார் குழுவின் தலைவி, அவன் முகத்தைப் பார்க்காமல். அவனுக்கு மனசு வரவில்லை. அதை வைத்தும் விட்டும் மாற்றி மாற்றிப் புரோகிராமைப் பழக்கிப் பார்த்தான். விட்டால்தான் புரோகிராம் சரியாகச் சொன்னது. அழித்தான். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதான்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை. அக்கா வீட்டுக்குப் போனான். பஸ் ஓட்டும் மாமா, லீவு போட்டுவிட்டு அவளுடைய துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

“மாமா, அக்கா கடைசியா பார்த்ததை அழிச்சுட்டேன். எல்லாம் தப்பா இருந்துச்சு.”

மாமாவின் கை நின்றது.

“அது அவ பார்த்தது இல்லப்பா. அவளால கண்ணையே திறக்க முடியல. ‘முடிஞ்சுதா, தம்பி கேட்டான்’னு அதையே சொல்லிட்டிருந்தா. நான்தான் பக்கத்துல உட்கார்ந்து அமுக்கினேன். எனக்கு எது நட்சத்திரம், எது என்னன்னு என்ன தெரியும்? கைக்கு வந்ததை அமுக்கிட்டு, முடிஞ்சிடுச்சும்மான்னு சொன்னேன். அப்புறம்தான் தூங்கினா. எழுந்திரிக்கவே இல்ல.”

தம்பி கேட்டான். ஆமாம், கேட்டிருந்தான். வேலை நெருக்கடியில் அந்த வாரம் போன் போட்டு, “இன்னும் எவ்வளவு இருக்குக்கா?” என்று கேட்டவன் அவன்தான்.

“உன் வேலையைக் கெடுத்துட்டேனா?” என்றார் மாமா.

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினான். மாமா மடித்த சேலையை முகத்தில் வைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினார்.