குழி நிரம்பினதும் வருவேன்

என் வீட்டுக்காரர் கக்கூஸ் கட்டுற இன்ஜினியர். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம், எனக்கு ஒண்ணும் இல்லை. தண்ணி வசதி இல்லாத ஊரா பார்த்துப் போய், குழாய் போட்டு, கழிப்பறை கட்டித் தர்ற வேலை. கல்யாணமான புதுசுல நானும் கூடப் போய்ச் செங்கல் எடுத்துக் கொடுத்திருக்கேன்.

எங்க வீட்டுக் கொல்லையிலயும் அவரே கட்டினார். ரெண்டு குழி. நடுவுல ஒரு சின்னப் பெட்டி, அதுல ரெண்டு வாய். ஒரு வாயைச் செங்கல் வச்சு, லேசா சிமெண்ட் பூசி அடைச்சிருக்கும். முதல் குழி நிரம்பினா அந்தச் செங்கலை எடுத்து இந்தப் பக்கம் அடைச்சு, ரெண்டாவது குழிக்குத் திருப்பி விடணும். அவ்வளவுதான் சூட்சுமம்.

வெளிநாட்டுல மூணு வருஷ வேலை, நடுவுல லீவு கிடையாதுன்னு அவர் கிளம்பினப்போ, நான் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணினேன். "நீயும் பொண்ணுங்களும் மூணு பேர். குழி நிரம்ப மூணு வருஷம் ஆகும். திருப்பி விட நான் வந்து நிப்பேன், போதுமா?"ன்னாரு. இன்ஜினியர் பண்ற சத்தியம் இப்படித்தான் இருக்கும்.

ஆனா பெரியவ வேலைக்குப் போனா, சின்னவ ஹாஸ்டலுக்குப் போனா. மூணு வருஷம் முடிஞ்ச அன்னைக்கு மூடியை நெம்பிப் பார்த்தேன், பாதி கூட நிரம்பலை. போன்ல சொன்னேன். "ஒத்த ஆளுக்கு அப்படித்தான். நல்லதாப் போச்சு, இங்கேயும் வேலை முடியலை, இன்னும் இருக்கச் சொல்றாங்க"ன்னாரு. நல்லதாப் போச்சாம். வந்த கோபத்துல பட்டுனு போனை வச்சுட்டேன்.

தினமும் அவர் தட்டையும் சேர்த்துக் கழுவித் துடைச்சு வைக்கிறேன். சாப்பிட ஆள் இல்லாத தட்டு. எனக்கு அவர் வேணும், வேற ஒண்ணும் வேண்டாம்.

அடுத்த கட்டிடத்துல ஒரு தையல் கடை, எட்டுப் பொண்ணுங்க. கடையில கக்கூஸ் கிடையாது. சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கும்ங்க, தண்ணி குடிக்கவே பயப்படும்ங்க. கொல்லைக் கதவைத் திறந்து விட்டேன். "வெட்கப்படாம வாங்கடி"ன்னேன். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும்க்கா"ன்னுச்சுங்க. புண்ணியமாவது ஒண்ணாவது. எனக்குக் குழி நிரம்பணும்.

ஒண்ணரை வருஷம் ஆச்சு. இன்னைக்குக் காலையில ஒருத்தி வந்து, "ஊத்தின தண்ணி இறங்கவே மாட்டேங்குதுக்கா"ன்னா. சந்தோஷத்துல எனக்குத் தலைகால் புரியலை. ஓடிப் போய் அவருக்குப் போன் போட்டேன்.

"குழி நிரம்பிடுச்சுங்க."

"நிரம்பாதே. ஒத்த ஆளுக்கு இன்னும் நாலஞ்சு வருஷம் தாங்குமே."

தையல் கடைப் பொண்ணுங்களைப் பத்திச் சொன்னேன்.

"அட, நல்ல காரியம் பண்ணியிருக்க"ன்னு மெச்சிட்டு, வரிசையா சொல்ல ஆரம்பிச்சாரு. கையுறை போட்டுக்க. பெட்டியைத் திற. உளியால பூச்சை மெதுவா தட்டு. அங்க இருக்கிற சனங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற அதே பொறுமையான குரல். "பத்து நிமிஷ வேலை, உன்னால முடியும்."

"என்னால முடியும்னு எனக்குத் தெரியாதா? எத்தனை வீட்டுல உங்ககூட நின்னிருக்கேன்."

"பின்ன ஏன் திருப்பி விடாம எனக்குப் போன் பண்ற?"

மனுஷன் மறந்தே போயிட்டார். நாலரை வருஷமா நான் பிடிச்சுக்கிட்டுத் தொங்கின ஒரு வார்த்தை, அவருக்கு ஞாபகத்துலயே இல்லை. "சும்மாதான், உங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு"ன்னு சொல்லி வச்சுட்டேன்.

கொல்லையில மூணு பொண்ணுங்க நெளிஞ்சுக்கிட்டு நின்னுச்சுங்க. என் வயித்தெரிச்சலுக்கு அதுங்க என்ன பண்ணும்? கையுறை போட்டுக்கிட்டுப் பெட்டியைத் திறந்தேன். சிமெண்ட் பூச்சுல அவர் கட்டைவிரல் அழுத்தின தடம் அப்படியே இருந்தது. பார்த்துக்கிட்டே உட்கார்ந்துட்டேன்.

"அக்கா, ஆச்சா?"

"இதோ, ஆச்சு"ன்னு உளியை அந்தத் தடத்து மேலேயே வச்சுத் தட்டினேன்.