நாலாவது டின் எழவில்லை

குன்னூருக்கு மேலே உள்ள காலனியில் மார்கழி பிறந்ததும் மிளகாய்ச் செடிகளைத் தூங்க வைத்துவிடுவார்கள். உறைபனிக்கு முன்னால் பெயிண்ட் டின்னோடு வீட்டுக்குள் கொண்டுவந்து, 'தூங்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாசியில் கிளைகளைக் கவை மட்டும் நிற்கும்படி வெட்டி, புது மண் போட்டு, தூங்க வைத்த அதே குரலில் எழுப்ப வேண்டும். எழுப்பியவர் முதல் பூ வரும்வரை அந்தக் குரலுக்கு உரியவராகவே இருந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் செடி குழம்பிவிடும்.

ஆரோக்கியத்தின் பஜ்ஜிக் கடையில் கூட்டம் பஜ்ஜிக்காக வருவதில்லை, சட்னிக்காக வருகிறது. சட்னிக்கு உயிர் நாலாவது டின்னில் இருக்கும் குண்டு மிளகாய். மாசிக் கடைசி ஞாயிறு பொழுது சாய்வதற்குள் எழாத செடி விறகு. அன்று அந்தக் கடைசி ஞாயிறு.

இந்த வருஷம் தூங்க வைத்தது மகள் ஜெசிந்தா. பதினொன்றாம் வகுப்பு. ஊரில் ஒரு தொண்டையையும் விட்டுவைக்காதவள். டின்னுக்கு ஒரு குரல் என்று விளையாடிவிட்டாள்.

"எந்த டின்னுக்கு யாருடி?"

"ஞாபகம் இருக்கும்மா. முக்கால்வாசி."

ஆரோக்கியம் கத்தரியால் கணுவுக்கு மேலே சாய்வாக வெட்டிக்கொண்டே வந்தாள். ஜெசிந்தா முதல் டின்னிடம் பஸ் கண்டக்டரானாள். "எறங்கு எறங்கு, ஸ்டாப்பிங் வந்தாச்சு! படியில தூங்காதே!" கணுவில் பச்சையாக ஒன்று எட்டிப் பார்த்தது. இரண்டாவதிடம் தலைமையாசிரியை. "கடைசி பெஞ்ச், எழுந்து நில்லு." செடி விறைத்துக்கொண்டு துளிர்த்தது. மூன்றாவதுக்கு மத்தி மீன் விற்பவர். அதுவும் எழுந்தது, கொஞ்சம் பேரம் பேசிவிட்டு.

நாலாவது அசையவில்லை. ஆரோக்கியம் தண்டை நகத்தால் சுரண்டினாள். உள்ளே பச்சை. "உசிரு இருக்கு. யாரோ கூப்பிடணும்னு காத்துக்கிட்டு கெடக்கு."

தபால்காரர், பல் டாக்டர், பாதிரியார், மேல்வீட்டுக் குக்கர் என்று எல்லாரும் கூப்பிட்டுப் பார்த்தார்கள், ஜெசிந்தாவின் வாய்வழியாக. வெயில் ஜன்னலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ அம்மா, அன்னிக்கு இதுகிட்ட வர்றப்ப தொண்டை கட்டிருச்சு. என் சொந்தக் குரல்லயே தூங்குன்னுட்டேன்."

"அப்புறம் என்ன? கூப்பிடு."

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். கண்டக்டர் வந்தார். மறுபடி திறந்தாள். மத்தி வந்தது. தன் குரலைக் கடைசியாக எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆரோக்கியம் கையை முந்தானையில் துடைத்தாள். டின் முன்னால் ஒற்றைக் காலில் சாய்ந்து நின்று மூக்கால் இழுத்தாள். "ம்மாஆ... இன்னிக்கும் உப்புமாவா? போம்மா!"

நாலு கணுவிலும் ஒரே நேரத்தில் துளிர்த்தது.

"நான் அப்படியா பேசறேன்?" என்றார் கண்டக்டர்.

"சும்மா இரும்மா," என்றாள் ஆரோக்கியம்.

திங்கட்கிழமை ஆரோக்கியம் இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். ஜெசிந்தா கடையைத் திறந்தாள். கண்டக்டர் குரலில் கூட்டத்தை உள்ளே தள்ளினாள். இரண்டாம் தடவை சட்னி கேட்டவர்களைத் தலைமையாசிரியை குரலில் கையை நீட்டச் சொன்னாள். கேட்டவர்கள் நீட்டினார்கள். மார்ச் கடைசியில் ஆரோக்கியம் கணக்கில் இருபத்தேழு வாங்கி வந்தாள். "கேள்வி சிலபஸ்லயே இல்லம்மா," என்றாள்.

ஏப்ரல் முதல் வாரம் நாலாவது டின்னில் வெள்ளையாக முதல் பூ பூத்தது. ஆரோக்கியம் இருபுறமும் பார்த்துவிட்டு அதைக் கிள்ளி யூனிஃபார்ம் பையில் போட்டுக்கொண்டாள். வெள்ளிக்கிழமை பள்ளிச் சுற்றுலா.

ஜெசிந்தா அதைக் கதவிடுக்கில் பார்த்தாள். சுற்றுலாப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்துப் போடும் இடத்தில் போட்டுவிட்டு, புளிசாதத்துக்குப் புளியை ஊறவைத்தாள்.