பதினைந்து டிகிரி வெயில்

ஜூன் மாதத்தில், ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஓர்க்னி தீவில் சூரியன் மறைவதாகப் பேருக்குச் சொல்லிக்கொள்ளும். கடலுக்குப் பின்னால் போய்க் கொஞ்சம் தலைசாய்த்துவிட்டு, ஏதோ மறந்துவிட்டதைப் போலத் திரும்பி வந்துவிடும். இரவும் பகலும் ஒரே பால் நிற வெளிச்சம். வெளிச்சம்தான், சூடு இல்லை. இந்த இரண்டும் வேறு வேறு என்பது அங்கேயே பிறந்து வளர்ந்த எர்லண்டுக்கு எழுபது வயதுவரை தோன்றியதே இல்லை.

இளவயதில் அவர் கப்பல் வேலையில், தெற்கே வெயில் கொளுத்தும் மால்டா தீவுக்குப் போனார். அங்கே சென்சா என்ற பெண்ணைப் பார்த்து, வேறெதையும் பார்க்காமல் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். வந்த முதல் குளிர்காலத்தில் அந்தப் பெண் ஜன்னலை விட்டு நகரவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டிவிடும் ஊரில், சூரியன் எங்கே போனது என்று கேட்டுக் கேட்டு அழுதாள். பெண்டாட்டி அழுதால் என்ன செய்வதென்று தெரியாத ஆண்கள் உலகம் முழுவதும் ஏதாவது ஒன்றை வாங்கி வருவார்கள். எர்லண்ட் ஒரு ஆமையை வாங்கி வந்தார்.

"உன் ஊர்ப் பக்கத்துக்காரி. பேச்சுத் துணைக்கு வெச்சுக்கோ" என்று கோட்டுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். சென்சா அழுகையை நிறுத்திவிட்டு "ஃபெக்ரூனா!" என்றாள். அதுவே பெயராகிவிட்டது. ராஜகுமாரி பெயர் மாதிரி இருக்கிறதே என்று அக்கம்பக்கத்தார் மெச்சிக்கொண்டார்கள். தன் மொழியில் அதற்கு ஆமை என்று மட்டும்தான் அர்த்தம் என்பதைச் சென்சா கணவரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

கோடையில் ஃபெக்ரூனாவுக்குத் தோட்டத்துப் புல்தரை. குளிர்காலம் முழுக்கத் தூங்கும் ஆமைக்கு ஒரே சீரான குளிர் வேண்டும் என்பதால், அதற்குக் கொட்டகையில் தனி ஃப்ரிட்ஜ். எர்லண்ட் வாரத்துக்கு ஒருமுறை அதன் கதவைத் திறந்து, செய்தித்தாளால் உள்ளே விசிறி, "மூச்சு விட்டுக்கோ மகாராணி" என்பார். பீர் தேடி அதைத் திறந்து பார்த்து அலறிய நண்பர்கள் இரண்டொருவர் உண்டு.

இந்த வருடம் ஃபெக்ரூனா சரியில்லை. விழித்து வெளியே வந்தும் உடம்பு தேறவில்லை. தோட்டத்துக் கல்சுவரோரம் ஒண்டிக்கொண்டு, தலையை உள்ளே இழுத்தபடி கிடந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் மால்டாவிலிருந்து சென்சாவின் தங்கை போன் செய்தாள். தன் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது, குளிர்காலத்துக்காவது வந்து இரு என்று அழைப்பு. அந்தத் தங்கையின் குரல் கேட்கும்போதெல்லாம் எர்லண்டுக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். இவள் போய்விட்டால், போன இடத்திலேயே இருந்துவிட்டால்?

"என்ன சொன்ன?" என்று கேட்டார்.

"வரலன்னு சொல்லிட்டேன். உனக்கு யாரு சூப் வெப்பா?" என்றாள் சென்சா, தட்டைத் துடைத்தபடி.

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. அதற்காக அவர் வெட்கப்படவும் இல்லை.

மறுநாள் ஃபெக்ரூனாவை அட்டைப்பெட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார். நாளெல்லாம் மாடுகளோடு மல்லுக்கட்டும் அந்த அம்மாள், ஆமையைக் கண்டதும் குஷியாகிவிட்டார்.

"சாப்பிடறாளா?"

"பேருக்கு ரெண்டு இலை. வயசாச்சுல்ல டாக்டர்."

"வயசா? இவ நம்ம ரெண்டு பேரையும் அடக்கம் பண்ணிட்டுத்தான் போவா. வெயில் கிடைக்குதா?"

"வெயிலா! நேத்து கொளுத்தி எடுத்துடுச்சே. நானே சட்டையைக் கழட்டிப் போட்டுட்டுத்தான் புல்லு வெட்டினேன்."

"எத்தனை டிகிரி இருக்கும்?"

"பதினஞ்சு."

மருத்துவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "அது உங்களுக்கு வெயில், எனக்கு வெயில். இவளுக்கு அது கதவைத் திறந்து வெச்ச ஃப்ரிட்ஜ். உடம்பு நல்லா சூடேறினாத்தான் இவளுக்குச் செரிக்கும். செரிக்காதுன்னா சாப்பிடவே மாட்டா. இந்த எடையில குளிர்காலத்துக்குத் தூங்க வெச்சா எழுந்திருக்க மாட்டா."

"இத்தனை வருஷமா நல்லாத்தானே இருந்தா? ஒரு தொல்லை குடுத்ததில்லையே!"

"எப்படிக் குடுப்பா? கிடைக்கிற சூட்டுக்குத் தகுந்தாப்புல தன்னைக் குறைச்சுக்குவா. கொஞ்சம் கம்மியா சாப்பிடுவா, கொஞ்சம் கம்மியா நடப்பா. பாக்கறவங்க, ஊரு பழகிடுச்சுபோலன்னு நினைச்சுக்குவாங்க."

எர்லண்ட் பெட்டியோடு காரில் வந்து உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பத் தோன்றவில்லை. ஊரே அரைக்கைச் சட்டையில் திரியும் ஜூலையிலும் சென்சா கம்பளிச் சட்டையைக் கழற்றியதில்லை. முன்பெல்லாம் துணி காயப்போடும்போது பாடுவாள். அது எப்போது நின்றது? நினைவில்லை. 'எங்க சென்சா இந்த ஊர்க்காரியாவே ஆயிட்டா' என்று தேவாலயத்து வாசலில் அவர் எத்தனை முறை பெருமையடித்திருக்கிறார்! அதை நினைக்க நினைக்க அவருக்கு உடம்பு கூசியது.

உடைத்துப் போட்ட மீன்பிடிப் படகு ஒன்றின் கண்ணாடிகளை வாங்கி வந்து, தோட்டத்தில் கூண்டு ஒன்று கட்டத் தொடங்கினார். உள்ளே கல் பாவி, மேலே சூடு தரும் விளக்கைத் தொங்கவிட்டார். கூண்டு நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனது.

"என்ன எர்லண்ட், சர்ச்சு கட்டறியா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு இங்கா கேட்டாள்.

"ஆமா. உன்னை மட்டும் உள்ள விடறதா இல்ல."

கூண்டு முடிந்த வாரத்தில் ஒரு மாலை, கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. முதலில் படகுத்துறை காணாமல் போனது, பிறகு தெரு, பிறகு வேலி. உலகத்தில் மிச்சமிருந்தது அந்தக் கண்ணாடிக் கூண்டு மட்டும்தான் என்று தோன்றியது. மஞ்சள் வெளிச்சத்தோடு அது வெண்மைக்கு நடுவில் மிதந்துகொண்டிருந்தது. எர்லண்ட் இரண்டு கோப்பைத் தேநீரோடு அதைக் குறிவைத்து நடந்தார். தரையில்தான் நடக்கிறோமா என்றே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

உள்ளே ஃபெக்ரூனா நான்கு கால்களையும் பரப்பி, கழுத்தை முழுதாக நீட்டிப் படுத்திருந்தாள். வாயோரம் மஞ்சள் பூவிதழ் ஒட்டியிருந்தது. பக்கத்தில் மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு சென்சா உட்கார்ந்திருந்தாள். கம்பளிச் சட்டை மடியில் கிடந்தது. வெறும் கைகள் முழங்காலில். கண்களை மூடி, அவருக்கு விளங்காத மொழியில் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

காலடி கேட்டுக் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "இவ்வளவு பெருசா எதுக்குய்யா கட்டின? இது ஆமைக்கா, மாட்டுக்கா?"

"நீ உக்காரத்தான்."

பாட்டு நின்றது. எர்லண்ட் தேநீரைக் கீழே வைத்துவிட்டுக் கல்தரையிலேயே உட்கார்ந்தார்.

"சென்சா, நீ இங்க சந்தோஷமா இருந்தியா?"

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சாக்கும்."

"ஆமா. மடையன் நான்."

அவள் அவசரப்படவில்லை. கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமே இல்லாத வெண்மையைப் பார்த்தபடி யோசித்தாள்.

"கோடையில இருந்தேன்" என்றாள்.

அதில் குத்தலோ கோபமோ இல்லை. இருந்திருந்தால் அவர் தாங்கிக்கொண்டிருப்பார்.

"தங்கச்சி வீட்டுக்குப் போ" என்றார். "இந்தக் குளிர்காலம் அங்க இரு."

"சூப்பு?"

"கடையில டப்பா டப்பாவா விக்கிறான்."

"நீயும் வாயேன். எங்க ஊர்ல ஜனவரியிலயே பதினஞ்சு இருக்கும். நடுத்தெருவுல சட்டையைக் கழட்டிட்டு நின்னு என் மானத்தை வாங்கு."

இருவரும் சிரித்தார்கள். ஃபெக்ரூனா கழுத்தைத் திருப்பி யாரென்று பார்த்தாள்.

"இவளை விட்டுட்டு நான் எங்க வர்றது? இந்தத் தடவை தூங்க வெக்கக்கூடாது. விளக்கடியில வெச்சுப் பாத்துக்கணும்" என்றார் எர்லண்ட். சென்சா மேலே வற்புறுத்தவில்லை.

அவரே வீட்டுக்குப் போய்ப் போனை எடுத்து வந்து, எண்ணை அழுத்தி அவள் கையில் கொடுத்தார். மறுமுனையில் தங்கையின் குரல் கேட்டதும் வழக்கம்போல் அதே பயம் வந்தது. சென்சா அவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், பிறகு ஒரே சொல்லில் பதில் சொன்னாள். "இவா."

இத்தனை வருடத்தில் அவள் மொழியில் அவர் கற்றுக்கொண்டது ஆமை என்ற சொல் மட்டும்தான். ஆனாலும் சரி என்கிறாள் என்பது புரிந்தது. திரும்பி வருவாயா என்று கேட்க அவருக்கு வாய் எழவில்லை. விளக்கைக் கொஞ்சம் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.