மூன்று இருபதுக்குக் கிரகணம்

பாடைக்கு மூங்கில் வெட்டப் போனவர்கள் திரும்பி வருவதற்குள் நேரம் முடிவாகியிருந்தது. இரண்டரை மணிக்கு எடுப்பது. மலர்விழியிடம் யாரும் கேட்கவில்லை. கணவன் தீர்த்தகிரியின் தலைமாட்டில் உட்கார்ந்து விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவளுக்கு, வாசலில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. இன்றைக்கு மாசிப் பௌர்ணமி. மூன்று இருபதுக்குச் சந்திர கிரகணம். கிரகணத்தின்போது ஊருக்குள் பிணம் கிடக்கக் கூடாது. அதற்குள் எடுத்துக் காரியத்தை முடித்துவிட வேண்டும்.

மகள் சௌந்தர்யா அப்போதுதான் பெங்களூரில் விமானத்தை விட்டு இறங்கியிருந்தாள். புனேயில் வேலை. விடிகாலை ஐந்து மணிக்கு அப்பா போய்விட்டார் என்று சொன்னதும், கிடைத்த விமானத்தில் ஏறியிருந்தாள். இனி கார் பிடித்து, ஓசூர், தர்மபுரி, சேலம் தாண்டி வெண்ணந்தூர் வந்து சேர மாலை ஐந்தாவது ஆகும். மணி இப்போது பதினொன்றே முக்கால். கணக்கு மலர்விழிக்குச் சட்டென்று புரிந்தது. ஒரே பிள்ளை, அப்பா முகத்தைப் பார்க்கப் போவதில்லை.

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். பந்தலுக்கடியில் தீர்த்தகிரியின் அண்ணன் தண்டாயுதபாணி நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து எல்லாவற்றுக்கும் அவர்தான் அலைகிறார். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

"புள்ள வந்தரட்டுங்க மாமா," என்றாள்.

"எனக்கு மட்டும் மனசில்லையா அம்மிணி? நேரத்த நாங்களா குறிச்சோம்? கோயில் தூண்ல ஒட்டியிருக்கறது தம்பி எழுதிக் குடுத்ததுதான். மூணு இருவது. அவன் சொன்னா நொடி தப்பாதுன்னு ஊருக்கே தெரியும்."

சௌந்தர்யாவிடமும் போனில் அப்படித்தான் சொல்லியிருக்கிறாராம். சாமி, அது உங்கப்பா குறித்த நேரம், நாம் என்ன செய்ய முடியும் என்று. பாப்பா போனை வைத்துவிட்டதாம். அவரைக் குற்றம் சொல்வதற்கும் இல்லை. அவர் மருமகள் அனிதா ஆறு மாதக் கர்ப்பம். அடுத்த வீடு. கிரகணமும் பிணமும் ஒன்றாக வந்தால் அவர் பயப்படாமல் இருப்பாரா?

மலர்விழி திரும்ப உள்ளே போய் உட்கார்ந்தாள். அந்த மூன்று இருபதின் கதை அவளுக்குத்தான் தெரியும்.

தீர்த்தகிரி திருச்செங்கோட்டில் ஒரு ரிக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். போர்வெல் லாரிகளுக்கு உதிரி பாகம் எடுத்துக் கொடுக்கிற வேலை. பஸ் ஏறுவதற்கு முன்னால் காலையில் இரண்டு மணி நேரம் லேப்டாப்பில் உட்கார்ந்துவிடுவார். சூரிய கிரகணம், சந்திர கிரகணம் எந்த ஊரில் எத்தனை மணிக்குத் தெரியும் என்று சொல்கிற ஒரு மென்பொருளை, தானே படித்துத் தானே எழுதினார். பதினோரு வருஷம். அதை விற்கவில்லை. எழுதிய வரிகள் அத்தனையையும் இணையத்தில் திறந்து போட்டிருந்தார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். சிலியில் இருந்து ஒருவர், எங்கள் மலையில் நான்கு நொடி தப்புகிறது என்று எழுதினால் இவருக்கு அன்றைக்கெல்லாம் சந்தோஷம். வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று அவள் சொன்னால் மட்டும் அந்தச் சந்தோஷம் வராது.

இரண்டு வருஷமாகச் சிறுநீரகம் போய், வாரத்துக்கு மூன்று நாள் சேலத்துக்கு டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நாலு மணிக்கு எழுந்து, முதல் பஸ் பிடித்து, நாலு மணி நேரம் அந்த மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, திரும்பி வந்து மாட்டுக்குத் தண்ணீர் வைத்து. கை நடுக்கம் வந்த பிறகு அவர் சொல்லச் சொல்ல அவள்தான் தட்டினாள். ஒன்றும் புரியாது. எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்பது மட்டும் விரலுக்குத் தெரியும்.

பதினைந்து நாளைக்கு முன்னால் மிஷினில் இருக்கும்போதுதான் கோயில் பூசாரி மாதையன் போன் செய்தார். வருஷா வருஷம் கிரகணத்துக்கு நடை சாத்துகிற நேரத்தை இவர்தான் எழுதிக் கொடுப்பது. இந்த முறை இவர் இரண்டு நேரம் எழுதவேண்டும் என்றார். பூமிக்கு மூன்று இருபது, நமக்கு வேறு. பூசாரி ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாக் கோயிலிலும் மூன்று இருபது என்று போட்டுவிட்டார்கள், இரண்டு நேரம் போட்டால் சனம் குழம்பிப்போகும், ஒன்றைக் கொடுங்கள் என்றார். இவர் விடவில்லை. மூச்சு வாங்க வாங்க விளக்கிக்கொண்டிருந்தார். நர்ஸ் இரண்டு தரம் எட்டிப் பார்த்தாள். மலர்விழிக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஒரு நம்பரைக் கொடுத்துத் தொலையுங்கள், யாருக்கு என்ன வந்தது என்றாள். அவர் அவளைப் பார்த்தார். கோபம்கூட இல்லை, சோர்வுதான். சரி, நீயே அடித்து அனுப்பிவிடு என்று கண்ணை மூடிக்கொண்டார். மூன்று இருபது என்று அடித்து அனுப்பியது அவள்.

இப்போது அது தூணில் இருந்து இறங்கி வந்து வாசலில் நிற்கிறது.

விளக்கைப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மலர்விழி மறுபடி எழுந்தாள். இந்த முறை உள் அறைக்குப் போனாள். லேப்டாப்பைத் திறந்தாள். அது உயிர் பெற்ற சத்தம் கூடம்வரை கேட்டிருக்க வேண்டும், ஒப்பாரி ஒரு நொடி நின்றது. புருஷன் பிணமாகக் கிடக்கும்போது பொம்பளை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். சொல்லட்டும். ஏழு புது மின்னஞ்சல் வந்திருந்தது. எந்தெந்த நாட்டிலோ இருக்கிறவர்களுக்கு இன்னும் விஷயம் தெரியாது. அவள் அதைத் தொடவில்லை.

கறுப்புத் திரையில் மென்பொருளின் பெயரை அடித்தாள். தேதி கேட்டது. இன்றைய தேதி. இடம் கேட்டது. பதினொன்று புள்ளி ஐந்து ஒன்று. எழுபத்தெட்டு புள்ளி பூஜ்ஜியம் ஒன்பது. எத்தனையோ தரம் அவர் சொல்லி அடித்த எண்கள். அது இந்த வீட்டு மொட்டை மாடி. ஒருமுறை ஓர் எண் தப்பி, ஏதோ கடலுக்குள் இருக்கிற இடத்துக்கு விடை வந்தது. அழித்துவிட்டுத் திரும்ப அடித்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து வராதது. முந்தானையால் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். உனக்குப் படிக்கத் தெரியவேண்டாமா என்று அவர் தமிழிலேயே எழுதி வைத்திருந்த வரிகள் வந்தன.

லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு பந்தலுக்கு வந்தாள். மாதையன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் வைத்தாள்.

"கெரகணம் மூணு இருவதுக்குத்தானுங்க. ஆனா நம்மூர்ல நெலா கெளம்பறதே ஆறு இருவத்தாறுக்குத்தான். அதுவரைக்கும் நமக்கு நெலாவே இல்லீங்களே, எதப் புடிக்கும்?"

மாதையன் திரையைப் பார்த்தார். இங்கிருந்து தெரியும் ஆரம்பம் 6.26. முடிவு 6.47. அவ்வளவுதான் இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். இதைத்தான் அன்றைக்குப் போனில் சொன்னாரா என்று கேட்டார். ஆமாம் என்றாள். தான்தான் குறுக்கே விழுந்து ஒற்றை நேரத்தை அனுப்பியதாகச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தண்டாயுதபாணி, இந்த நேரத்தில் புதுக் கணக்கு வேண்டாம், நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது என்றார்.

மாதையன் தண்டாயுதபாணியின் பக்கம் திரும்பினார்.

"போன வருசம் ஒரு கெரகணம் வந்துச்சுங்க," என்றார். "நம்மூர்ல தெரியாது, நடை சாத்த வேண்டாம்னாரு. சாத்தல. ஒண்ணும் ஆகல. தெரியாத கெரகணத்துக்கு நாம சாத்தறதில்லீங்க. அந்தக் கணக்குக்கு, நெலா கெளம்பற வரைக்கும் இதுவும் தெரியாத கெரகணந்தான்."

"அப்ப கோயில்ல ஒட்டியிருக்கறது?" என்றார் தண்டாயுதபாணி.

"அது நான் கேட்டு வாங்குன நேரமுங்க. அவரு குடுத்த நேரம் இது."

தண்டாயுதபாணி தம்பி கிடந்த திசையைப் பார்த்தார். பிறகு ஐந்தரை என்றார். ஐந்தரைக்கு ஒரு நிமிஷம் தாண்டாது. பௌர்ணமியன்று நிலா கிளம்புவதும் பொழுது இறங்குவதும் ஒரே நேரம்தான், அதற்குள் கொள்ளி வைத்தாக வேண்டும். அனிதாவை மட்டும் இப்போதே அவள் அம்மா வீட்டுக்கு, ஓமலூருக்கு, அனுப்பிவிடச் சொன்னார்.

மலர்விழி மகளுக்குப் போன் போட்டு ஐந்தரை என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. மாசி வெயில் பந்தலுக்குள் இறங்கியது. ரேஷன் கடை, மரவள்ளி விலை, யாருக்கு எந்த ஆஸ்பத்திரி என்று வாசலில் பேச்சு ஓடிற்று. மூன்று இருபது ஆனபோது எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். வெயில்தான் அடித்துக்கொண்டிருந்தது. நாலு மணிக்குச் சௌந்தர்யா கூப்பிட்டாள். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்து வண்டிகள் நிற்கின்றனவாம். மலர்விழி யாரிடமும் சொல்லவில்லை. தீர்த்தகிரியின் வீங்கிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இந்த மனுஷன் நொடிக்கணக்கில் சொன்னதெல்லாம் மேலே இருக்கிறதைப் பற்றித்தான். தொப்பூர் லாரியைப் பற்றி யார் சொல்வது?

ஐந்து மணிக்குக் குளிப்பாட்டிக் கோடித் துணி போட்டார்கள். ஐந்து இருபதுக்கு வாய்க்கரிசி. தண்டாயுதபாணி வாட்சைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தார். ஐந்து இருபத்தேழுக்குக் கார் வந்தது.

சௌந்தர்யா செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள். கத்துவாள் என்று பெண்கள் அவளைப் பிடிக்கத் தயாராக இருந்தார்கள். அவள் கத்தவில்லை. அப்பாவின் முகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நாடியைக் கட்டியிருந்த துணியை விரலால் தொட்டுப் பார்த்தாள். காதோரம் ஒட்டியிருந்த சந்தனத்தைத் துடைத்தாள். ஐந்தரை ஆயிற்று. தண்டாயுதபாணி வாட்சைச் சட்டைக் கைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றார். ஐந்து நாற்பதுக்கு அவர்தான் வந்து அவள் தோளைத் தொட்டு, போலாம் சாமி என்றார்.

எடுத்துக்கொண்டு போனார்கள். தெரு முக்குவரை போன பெண்கள் திரும்பி வந்து குளித்தார்கள். அதன் பிறகு ஒருவரும் நிற்கவில்லை. மூன்று இருபதை நம்பிய அதே சனம் இப்போது ஆறு இருபத்தாறை நம்பியது. இருபத்தொரு நிமிஷம் வீட்டுக்குள் இருக்க வேண்டும், கிரகணம் விட்டுக் குளித்துச் சோறாக்கிக்கொண்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டு ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். ஆறே காலுக்கு வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும் இருந்தார்கள். கழுவிவிட்ட கூடம் இன்னும் காயவில்லை.

சௌந்தர்யா ஈரத் தலையோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். கடைசியாக நேற்று இரவு சாப்பிட்டதாம். வீட்டில் சமைத்து வைத்திருந்ததையும் குடத்துத் தண்ணீரையும் காலையிலேயே பெண்கள் கொட்டிவிட்டிருந்தார்கள். ஃபிரிட்ஜை யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மலர்விழி திறந்து பார்த்தாள். நேற்று ராத்திரி அவர் வேண்டாம் என்று வைத்த இரண்டு இட்லி ஒரு கிண்ணத்தில் இருந்தது. அதைத் தட்டில் வைத்து மகள் முன்னால் தள்ளினாள். கிரகணத்தில் சாப்பிடக் கூடாது என்பது இருவருக்கும் தெரியும். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது.

சௌந்தர்யா தட்டைத் தொடவில்லை.

"மூணு இருவதுன்னு அப்பாவே எழுதுனாராம்மா? பெரியப்பா சொன்னதுல இருந்து கார்ல அதயேதான் நெனச்சுட்டு வந்தேன்."

"அவரு எழுதல சாமி. ரெண்டு நேரம் போடோணும்னு எவ்வளவோ சொன்னாரு. நாந்தான் ஒண்ணக் குடுத்துத் தொலைங்கன்னேன். நாந்தான் அடிச்சு அனுப்புனேன்."

சொல்லிவிட்டு மலர்விழி தரையைப் பார்த்தாள். மகள் ஏதாவது கேட்டால் தேவலை என்று இருந்தது. வெகுநேரம் கழித்துச் சௌந்தர்யா ஒரு இட்லியைப் பிட்டு வாயில் போட்டாள். மெல்லுவது நின்றது. அப்போதுதான் மலர்விழிக்கு உறைத்தது. அவருக்கென்று உப்புப் போடாமல் தனியாக ஆட்டிய மாவு அது. உப்பு ஜாடியை எடுக்க எழப்போனாள்.

"இருக்கட்டும்மா," என்றாள் சௌந்தர்யா.

அந்த இட்லியை முழுதாகத் தின்று முடித்தாள். பிறகு மற்ற இட்லியோடு தட்டை அம்மாவின் பக்கம் நகர்த்தினாள்.