ஐந்து மணி இருட்டு

விமானத்தில் கையோடு கொண்டுபோக ஏழு கிலோ அனுமதி. என் பையில் பாதிக்கு மேல் கம்பளி.

"மார்கழி மாசம். கடல் காத்து வேற. வெறைச்சுப் போயிருவ கண்ணு," என்று அம்மா அதை இடது கையால் அமுக்கித் திணித்தாள். எங்கள் கொல்லிமலை வளப்பூர் நாட்டில் மார்கழிக் காலையில் வாயைத் திறந்தால் புகை வரும். எல்லா ஊருக்கும் மார்கழி அப்படித்தான் என்பது அவள் எண்ணம். போர்ட் பிளேரில் குளிர்காலத்திலும் முப்பது டிகிரி என்று போனில் காட்டினேன்.

"அப்பறம் எதுக்கு அதுக்குக் குளிர்காலம்னு பேரு?" என்றாள்.

கம்பளியோடு அரைக் கிலோ மிளகும் பைக்குள் போனது.

அப்பாவின் கேள்வி வேறு. "தனியாப் போயி கடலப் பாத்து என்ன பண்ணப் போற, வாணி?"

"பாக்கப் போறேன்."

"அதாம் புள்ள, பாத்து?"

உண்மையான காரணம் தம்பி முரளிக்கு மட்டும் தெரியும்.

பெங்களூரில் ஒரு கால் சென்டரில் மூன்று வருடம் நைட் ஷிப்ட் பார்த்தேன். அமெரிக்காவில் வெந்நீர் வராதவர்கள் என்னைத் திட்டுவார்கள். நான் இரவுக்கு எண்பது தடவை 'தேங்க் யூ' சொல்லுவேன். ஒரு நாள் அந்த வார்த்தை வாயில் வரவில்லை. ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டேன். அது புரட்டாசி மாதம்.

வேலையை விட்டேன், வேலை என்னை விடவில்லை. மலைக்கு வந்தும் இரவில் தூக்கம் வரவில்லை. விடிந்தபின் இரண்டு மணி நேரம் கண் செருகும், அவ்வளவுதான். சேலத்து டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டால் நாள் முழுக்கத் தலை கனத்துக் கிடந்தது. நிறுத்திவிட்டேன்.

அம்மாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. "நீ படுத்தா நான் படுக்கறேன்." நான் தூங்காமல் உட்கார்ந்திருந்தால் அவளும் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். சட்டம் மாறவில்லை. இரண்டு மாதம் இப்படி. கார்த்திகையில் ஒரு காலை, களி கிண்டிக்கொண்டிருந்தவள் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டாள். வலது கை கொதிக்கிற சட்டியில் சாய்ந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் உரிந்துவிட்டது.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நான் வீட்டில் இல்லாவிட்டால் அம்மா தூங்குவாள். இதுதான் என் திட்டம். ஏன் போர்ட் பிளேர் என்றால், கூட வேலை பார்த்த ஒருத்தி சொல்லியிருந்தாள், அங்கே ஐந்து மணிக்கே இருட்டிவிடும் என்று. இருட்டு சீக்கிரம் வந்தால் தூக்கமும் வருமோ என்று ஒரு ஆசை.

சேந்தமங்கலம் வரை பஸ், நாமக்கல்லில் மாறி சென்னை, அங்கிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இறங்கியதும் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

நான் தங்கிய லாட்ஜ் ஒரு மேட்டில் இருந்தது. மேலே நான்கு அறை, கீழே சாப்பாட்டு மெஸ். நடத்துகிறவர் சுகுணா அக்கா. நாற்பத்தெட்டு வயது, ஒண்டி ஆள். அவருடைய அப்பா ரோடு போடும் வேலைக்கு ராசிபுரத்திலிருந்து வந்தவர். அக்கா பிறந்தது இந்தத் தீவில்தான், கடலைத் தாண்டியதே இல்லை. ஆனால் வாயில் அப்பாவின் ராசிபுரம் இருந்தது, நடுநடுவே இந்தியோடு.

நான் பையைத் திறந்ததும் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, அது என்னங்க, ஆட்டையே கொண்டாந்துட்டீங்களா?"

"கம்பளிங்க."

"அச்சா. போத்தறதுக்கா? இந்த ஊர்லயா?" சமையல்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள் இரண்டு நாளைக்கு என்னைக் 'கம்பளிப் பொண்ணு' என்றார்கள்.

பகலெல்லாம் நடந்தேன். ஊர் முழுக்க ஏற்றமும் இறக்கமும்தான். மலைக்காரியின் காலுக்கு அது ஒன்றும் புதிதில்லை. ஒரு வளைவில் திரும்பினால் மரங்கள், அடுத்த வளைவில் கடல். எங்கள் வளைவுகளில் திரும்பினால் கீழே நாமக்கல் தெரியும், இங்கே நீலமாக ஒன்றுமில்லாமல் இருந்தது. அந்த ஒன்றுமில்லாமை எனக்குப் பிடித்தது. கடைத்தெருவில் மரவள்ளிக் கிழங்கு குவித்து வைத்திருந்தார்கள். முப்பது டிகிரி வெயிலில் வீட்டு வாசல்களில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கியது. பழைய சிறைக்கும் போனேன். அந்த அறைகளைப் பார்த்ததும் என் ஆபீஸ் இருக்கையோடு ஒப்பிடத் தோன்றியது. வெட்கமாக இருந்தது. வெளியே வந்துவிட்டேன்.

சொன்னபடியே இருட்டு வந்தது. மணிக்கூண்டில் ஐந்து அடிக்கும்போது சூரியன் இல்லை. ஐந்தரைக்கு விளக்கு போட்டுவிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் அந்த இருட்டில் பந்து விளையாடினார்கள். நம் ஊரில் அப்போது வெயில் இருக்கும், அம்மா ஆட்டைப் பிடித்துக் கட்டிக்கொண்டிருப்பாள். இருட்டு வந்தது, தூக்கம் வரவில்லை. மூன்று இரவும் காற்றாடி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

நான்காம் நாள் காலை முரளி கூப்பிட்டான்.

"அக்கா, உன் திட்டம் ஊத்திக்கிச்சு."

"ஏன்டா?"

"நீ இருந்தா அம்மா உன்னப் பாத்துக்கிட்டு முழிச்சிருக்கும். இப்போ போனப் பாத்துக்கிட்டு முழிச்சிருக்குது. வாணி தூங்கியிருக்குமா, வாணி தூங்கியிருக்குமான்னு என் உசுர எடுக்குது. நேத்து கட்டுப் பிரிக்கப் போன எடத்துல நர்சம்மா தோள்லயே சாஞ்சு தூங்கிருச்சு."

போனை வைத்துவிட்டு சுகுணா அக்காவின் மெஸ்ஸில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும் போல இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தார். வெங்காயத்தைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன், அம்மாவின் கை உட்பட.

உரித்த வெங்காயத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நான் ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றார். "குளிருன்னா எப்படிங்க இருக்கும்? எங்கப்பா கொல்லிமலைக் குளிரப் பத்திச் சொல்லிச் சொல்லியே செத்துப்போனாரு. ஒருக்கா போத்திப் படுத்துப் பாக்கணும்ங்க."

நம் நிலைமை என்ன, இந்த அம்மா கேட்பது என்ன என்று எரிச்சல் வந்தது. ஆனாலும் சரி என்றேன்.

மெஸ்ஸுக்குப் பின்னால் ஒரே ஒரு ஏசி அறை காலியாகக் கிடந்தது. சாயங்காலம் அதில் பதினாறு வைத்துக் கதவைச் சாத்தினோம். வெளியே இருட்டிக்கொண்டிருந்தது. கால் மணி நேரத்தில் அக்காவின் பற்கள் அடித்துக்கொண்டன.

"இதுதானுங்களா?"

"இது பாதிதான். எங்கூர்ல தண்ணியத் தொட்டா கை எரியும்."

"அய்யே. அப்போ எப்படிங்க குளிக்கறீங்க?"

"குளிக்கறதில்லைங்க."

கட்டிலில் இரண்டு பேரும் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டோம். அதில் எங்கள் வீட்டு அடுப்புப் புகை இருந்தது. இரண்டு மாதம் அம்மா இதைத்தான் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஆட்டு நாத்தம் அடிக்குதுங்க," என்றார் சுகுணா அக்கா.

சிரித்தேன். அவருடைய அப்பா சொன்ன கதை ஒன்றை ஆரம்பித்தார். சேந்தமங்கலத்தில் பஸ்ஸை விட்டுவிட்டு ஒரு ஆள் நடந்தே மலையேறிய கதை. அந்த ஆள் முதல் வளைவில் திரும்பினார். அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது.

கண் திறந்தபோது ஜன்னலில் நல்ல வெளிச்சம். பிற்பகல் என்று நினைத்தேன். மணி ஐந்தே முக்கால், காலை. கைவிரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை எண்ணினேன்.

சமையலறையில் சுகுணா அக்கா இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். "நேத்து ராத்திரி ஒம்பது மணிக்கு உங்கம்மா கூப்புட்டாங்க. போன் கத்திக்கிட்டே கெடந்துது, நான்தான் எடுத்தேன்."

"என்ன சொன்னீங்க?"

"பொண்ணு தூங்குதுங்கன்னேன். நம்பல. நெசமாவான்னு மூணு தடவ கேட்டாங்க. போன உங்க மூக்குக்கிட்டக் கொண்டுபோய் வெச்சேன். நீங்க வேற கொறட்டை விடறீங்க."

"அப்பறம்?"

"கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அப்பறம், சரிங்க, அப்போ நானும் படுக்கறேன்னாங்க."

பதில் சொல்ல அந்தப் பழைய 'தேங்க் யூ' ஒன்றுதான் வாய்க்கு வந்தது. அதைச் சொல்லவில்லை. மேலே போய் மிளகுப் பொட்டலத்தை எடுத்துவந்து அவர் கையில் வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மினார்.

"கம்பளியையும் வெச்சுட்டுப் போயிருங்களேன்."

"மாட்டேங்க," என்றேன்.

போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அம்மாவின் எண்ணை அழுத்தப்போன விரல் நின்றது. இங்கே கடல் வெள்ளை வெளேரென்று இருந்தது, வளப்பூரில் இன்னும் இருட்டு. அங்கே விடிய முக்கால் மணி நேரமாவது ஆகும். படியில் உட்கார்ந்துகொண்டேன். மீன் கூடையோடு ஒரு ஆள் போனார். பள்ளி வேன் போனது. வெயில் முழங்கால் வரை வந்தது.

ஏழு மணிக்கு முரளியிடமிருந்து செய்தி வந்தது. 'அம்மா இன்னும் எந்திரிக்கல. கூப்புட்டு எழுப்பிராத. களி நான்தான் கிண்டறேன். அடி புடிச்சிருச்சு.'